பட்டா இல்லாதவரின் பங்கு



ஜெயமங்கலத்தில் கூடியிருக்கும் நாம் இந்தப் பள்ளத்தாக்கின் காற்றிலிருந்தே தொடங்கலாம். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழியைப் போலக் கம்பம் கணவாயும் காற்றாலைகளுக்குப் பேர்போனது. நிலக்கரியை விட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் மாறுவதை நாம் எதிர்க்கவில்லை. அந்த மாற்றத்தின் விலையை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதே நம் கேள்வி.

‘நியாயமான மாற்றம்’ என்ற கோரிக்கை தொழிற்சங்கத்தில் பிறந்தது. சூழலைக் காக்க ஆலையை மூடினால் தொழிலாளியின் வாழ்வுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றார் அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் டோனி மசோக்கி. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகப்புரையில் அது இடம்பெற்றது.

அதற்கு வெகுமுன்பே, 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார் அண்ணல் அம்பேத்கர். மின்சாரக் கொள்கை வகுக்கும் பணியும் அவரிடமே இருந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி 1944இல் உருவானது. மின்சாரமும் தொழிலாளர் நலனும் அன்று ஒரே மேசையில் இருந்தன.

சுதந்திர இந்தியாவில் அவை பிரிந்தன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அகழ்வு 1957இல் தொடங்கியது. அன்று நடைமுறையிலிருந்த 1894ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவரையே கண்டது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, கதிர் அறுத்துப் பிழைத்தவரின் இழப்பு கணக்கில் ஏறவில்லை. நிலம் மறுக்கப்பட்ட சாதிக்கு இழப்பீடும் மறுக்கப்பட்டது. பின்பு சுரங்கத்துக்குள் உருவான ஒப்பந்தத் தொழிலாளர், நிரந்தரப் பணி கேட்டுப் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள்.

2013ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றாண்டுகள் அந்த நிலத்தை நம்பி உழைத்த விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்றது. இது போராடிப் பெற்ற உரிமை. ஆனால் அரசு கையகப்படுத்தாமல், நிறுவனமே உரிமையாளரிடம் நேராக வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ காற்றாலை, சூரியப் பண்ணை அமைக்கும்போது, அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கூலிக்காரரை எட்டுவதில்லை. வாடகை பட்டாதாரருக்கு, போன வேலைக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

அனல்மின் நிலையத்தை மூடும்போதும் இதே கதைதான். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. இப்படி ஒரு நிலையம் மூடப்பட்டால், நிரந்தர ஊழியருக்கு வேறு நிலையத்துக்கு இடமாற்றம் உண்டு. ஒப்பந்தக்காரரின் பட்டியலில் மட்டும் பெயர் உள்ளவருக்கு இடமாற்றம் ஏது?

எனவே நாம் கேட்பது கருணை அல்ல, கணக்கு. மூடப்படும் நிலையங்களின் ஒப்பந்தத் தொழிலாளரைப் பெயர் பெயராகப் பதிவு செய்க. காற்றாலை வரும் ஊரின் கூலிக் குடும்பங்களையும், பெண்களைத் தனியாகவும், கணக்கெடுக்க. அவர்களுக்கு ஊதியத்துடன் பயிற்சி தருக. புதிய வேலையில் முன்னுரிமை தருக. இந்தக் கணக்கெடுப்பை அரசு தொடங்கும்வரை காத்திராமல், இங்கிருக்கும் மாணவர்கள் தத்தம் சேரியிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஜெய் பீம்.