சித்திக்கு முட்டை, அம்மாச்சிக்குக் கஞ்சி

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். 1994 செட். இப்போது சென்னையில் இருக்கிறாள். "சார், எங்க வீட்ல வேலை செய்யற அக்காவோட வீட்டுக்காரருக்கு டி.பி.ன்னு சொல்லிட்டாங்க. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. அக்காவுக்கு டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல. இருந்தாலும் அவங்கள நிறுத்திடலாம்னு வீட்ல சொல்றாங்க. நீங்க என்ன சார் சொல்றீங்க?"

"நான் வரலாற்று வாத்தியார்தானேம்மா, டாக்டரைக் கேளு" என்றேன்.

"டாக்டர் பயப்பட வேண்டாம்னு சொல்லிட்டார் சார். மனசுதான் கேக்க மாட்டேங்குது" என்றாள்.

போனில் அவளுக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் வீட்டுக் கதை. சொந்தங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். ஆனால் யாரும் பேசியதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் இப்போது சொல்கிறேன்.

1961. எனக்கு எட்டு வயது. சின்னச் சித்திக்கு இருமல் நிற்கவில்லை. சளியில் ரத்தம் வந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. புகுந்த வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாட்டுக்கொட்டகையை ஒட்டியிருந்த அறையை அம்மாச்சி மெழுகிச் சுத்தம் செய்து கொடுத்தாள். தனிப் பாய், தனி டம்ளர், தனித் தட்டு. மற்றத் தட்டுகளோடு கலந்துவிடக் கூடாது என்று அந்த அலுமினியத் தட்டின் விளிம்பில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டார்கள்.

பிறகு சித்தி சானடோரியத்தில் எட்டு மாதம் இருந்தாள். திரும்பி வந்தபோது கன்னத்தில் சதை போட்டிருந்தாள். வீட்டிலும் தினம் ஒரு முட்டையும் இரண்டு வேளை பாலும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மாச்சி ஒரு நாள் தவறாமல் கொடுத்தாள். எங்களுக்கெல்லாம் ஒரே பொறாமை. அந்தக் காலத்தில் நம் வீட்டில் முட்டை என்பது தீபாவளி மாதிரி.

சித்தி பிழைத்துக்கொண்டாள். எழுபத்தெட்டு வயது வரை நன்றாக இருந்தாள். ஆனால் 1964-ல் அம்மாச்சிக்கு அதே இருமல் வந்தது. மகளுக்கு நடந்ததைப் பார்த்தவள் அல்லவா, மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது காலம் கடந்திருந்தது.

"மகளிடமிருந்து ஒட்டிக்கொண்டது" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் ஐம்பது வருடத்துக்கு மேல் அப்படியேதான் நம்பியிருந்தேன். இன்னொரு விஷயம் எனக்குத் தெரியும். அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியாகச் சாப்பிடுகிறவள் அம்மாச்சி. பானையில் மிச்சம் இருக்கும் கஞ்சி, கடித்துக்கொள்ள ஒரு வெங்காயம். அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்கு வாருங்கள்.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். மார்ச் 24-ஐ இன்றும் உலகக் காசநோய் தினமாக அனுசரிப்பது அதனால்தான். ஆனால் கிருமி தெரிந்த பிறகும் அறுபது வருடத்துக்கு மேல் அதைக் கொல்ல மருந்து இல்லை. இருந்த ஒரே வழி சானடோரியம்: ஊருக்கு வெளியே நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை.

சென்னையில் இருக்கும் நீங்கள் மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் நிலையத்தைத் தாண்டியிருப்பீர்கள். அந்தப் பெயருக்குக் காரணமான சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர். நம் கணித மேதை ராமானுஜன் அங்கே நோயாளியாக இருந்திருக்கிறார். அவருக்கு வந்தது காசநோய்தானா என்று பிற்காலத்து மருத்துவர்கள் சந்தேகப்பட்டது வேறு கதை.

1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். நோபல் பரிசு 1952-ல் அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும் கிடைத்தது. மருந்து கண்டுபிடிக்கப்படுவது ஒன்று, நோயாளியிடம் வந்து சேர்வது இன்னொன்று. நம் புதுமைப்பித்தன் காசநோயில் இறந்தது 1948-ல். வயது 42.

1952-ல் ஐசோனியசிட் வந்தது. விலை குறைந்த மாத்திரை. அப்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது: மாத்திரைதான் குணப்படுத்துகிறது என்றால் சானடோரியம் எதற்கு? இந்தியாவுக்கு இது பெரிய கேள்வி. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில்.

அதற்குப் பதில் கண்டுபிடித்த ஊர் நம் சென்னை. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. தலைமை வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 97 பேர் சானடோரியத்தில், 96 பேர் சொந்த வீட்டில். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

வீட்டில் இருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரே அறையில் ஆறேழு பேர். ஓய்வு என்பதே கிடையாது. சாப்பாடு சானடோரியத்தில் கிடைத்ததைவிட எவ்வளவோ குறைவு. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று மையத்து ஆட்கள் திடீர் திடீரென்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியமானது அடுத்த செய்தி. வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்த பிறகும் அப்படித்தான். காரணம், நோய் பெரும்பாலும் பரவுவது மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால். மருந்து உள்ளே போனதும் பரவும் சக்தி வேகமாகக் குறைந்துவிடுகிறது. கிருமி காற்றில்தான் பரவும்; தட்டிலும் டம்ளரிலும் பரவாது.

இந்த முடிவுக்குப் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்களின் தேவை குறைந்தது. இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் 1962-ல் வீட்டு சிகிச்சையை நம்பியே தொடங்கியது. சித்தியைக் கொட்டகைப் பக்கம் வைத்த 1961-ல், அந்தத் தனித் தட்டு தேவையில்லை என்று சென்னையில் நிரூபித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நம் ஊருக்கு அந்தச் சேதி வரவில்லை.

இப்போது கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பரீட்சைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சென்னை ஆய்வு சொன்னது, "நல்ல சாப்பாடு கிடைக்காதவருக்கும் மருந்து வேலை செய்யும்" என்று. ஏழைக்கு அது பெரிய நல்ல செய்தி. ஆனால் போகப்போக அது "சாப்பாடு முக்கியமில்லை" என்று புரிந்துகொள்ளப்பட்டது. இரண்டும் ஒன்றா? மருந்து குணப்படுத்துமா என்பது ஒரு கேள்வி. கிருமி தொற்றியவர்களில் யாருக்கு அது நோயாக மாறும் என்பது வேறு கேள்வி. கிருமி உள்ளே போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. வாழ்நாளில் பத்தில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். மற்றவர்களுக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கும். உடம்பு பலவீனமானால் எழுந்துகொள்ளும்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்வொர்த் என்ற கிராமத்தில் 1918 முதல் காசநோயாளிகளைக் குடும்பத்தோடு குடியமர்த்தி, வேலையும் கூலியும் நல்ல சாப்பாடும் கிடைக்கச் செய்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளுக்குக் கிருமி தொற்றியது. ஆனால் நோயாக மாறியது மிகக் குறைவு. இந்தப் பழைய பதிவுகளைத் தூசி தட்டி 2012-ல் மறுபடியும் ஆராய்ந்தவர்களில் ஒருவர் டாக்டர் அனுராக் பார்கவா. சத்தீஸ்கரில் கனியாரி கிராமத்தில் ஏழைகளுக்காக மருத்துவமனை நடத்திய ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் குழுவில் இருந்தவர். எலும்பும் தோலுமாக வரும் காசநோயாளிகளை அங்கே தினமும் பார்த்தவர்.

அவரும் டாக்டர் மாதவி பார்கவாவும் மங்களூரு ஏனபோயா பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பெயர் ரேஷன்ஸ். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய அதே மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இதிலும் பங்காளி. இடம் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்கள். 2019 ஆகஸ்டில் ஆரம்பித்து, கொரோனாக் காலம் முழுவதும் விடாமல் நடத்தினார்கள். 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வசித்த 10,345 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடி மக்கள்.

நோயாளிகள் எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு மாதாமாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களைத்தான் இரண்டு தரப்பாகப் பிரித்தார்கள். ஒரு தரப்புக்கு அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும். மற்றத் தரப்புக்கு வழக்கமாகக் கிடைப்பது மட்டும்.

2023 ஆகஸ்டில் முடிவு லான்செட் இதழில் வந்தது. உணவு கிடைக்காத வீடுகளில் 122 பேருக்குக் காசநோய் வந்தது, 2.6 சதவீதம். உணவு கிடைத்த வீடுகளில் 96 பேர், 1.7 சதவீதம். கணக்கிட்டுப் பார்த்தால் நோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். தடுப்பூசி இல்லை, புது மருந்து இல்லை. நம் ரேஷன் கடையில் கிடைக்கும் அரிசி, பருப்பு.

நோயாளிகளைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள்; ஏறத்தாழ பாதிப் பேர் மிக மோசமாக மெலிந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. இதை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும்: நோயாளிகளில் உணவு கொடுக்காத தரப்பு என்று ஒன்று இல்லை. பசித்தவருக்குக் கொடுக்காமல் சோதிக்க முடியாது என்பதால் எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஆகவே இது நேரடி நிரூபணம் ஆகாது. ஆனாலும் அலட்சியப்படுத்தக் கூடிய எண் இல்லை.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" தொடங்கினார்கள். நோய் என்று தெரிந்தவுடனே மிகவும் மெலிந்தவரா, மூச்சுத் திணறுகிறதா, தானே எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மத்திய அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் உணவுக்காகக் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.

ரேஷன்ஸ் ஆய்வைப் பற்றி நான் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அம்மாச்சியின் கஞ்சிப் பானைதான் கண்ணில் நின்றது. சித்திக்கு முட்டை கொடுத்தது சரிதான். அம்மாச்சிக்கும் ஒன்று கொடுத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் அதை யாரும் யோசிக்கவில்லை. அம்மாச்சியும் யோசிக்கவில்லை. கொடுத்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள் என்று என்னால் சொல்ல முடியாது. நாங்கள் அவளைத் தட்டு கழுவ விட்டோம், சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. இதை மட்டும் சொல்ல முடியும்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன்.

அம்மா, அந்த அக்காவை வேலையை விட்டு நிறுத்தாதே. அவருக்கு நோய் இல்லை. கணவருக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நீ சம்பளத்தை நிறுத்தினால் முதலில் குறைவது அந்த வீட்டுப் பருப்புதான். அதாவது யாரைப் பார்த்துப் பயப்படுகிறாயோ, அவருக்கு நோய் வரும் வாய்ப்பை நீயே கூட்டிவிடுவாய். அவருக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு வந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்பு. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கணவர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

முடிந்தால் மாதம் இரண்டு கிலோ துவரம் பருப்பும் ஒரு அட்டை முட்டையும் வாங்கிக் கொடு. கொடுக்கும்போது, "உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லக்கா, நீங்களும் பிள்ளைங்களும் சாப்பிடணும்" என்று சொல்லிக் கொடு. சொல்லாவிட்டால் அவர் சாப்பிடமாட்டார். எனக்குத் தெரியும்.

மற்றவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். நம் சொந்தத்திலேயே ஒரு வீட்டில் இப்போது இந்த நோயை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தது. யார் என்று கேட்கமாட்டேன். கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள் போல. ஆறு மாத மருந்தில் குணமாகும் நோய் இது. மறைக்க வேண்டாம். போன் செய்யுங்கள்; கூட வருகிறேன். எனக்கு இப்போது வேலை வெட்டி எதுவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்