டெக் தேடிய படலம்

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதி வரலாறு, பாதி சொந்தக் கதை. வீட்டுப் பரண்ல பழைய வீடியோ கேசட் வச்சிருக்கிறவங்க மட்டுமாவது கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

பொங்கலுக்கு விளாத்திகுளம் போயிருந்தப்ப, ஆச்சி தன்னோட ட்ரங்குப் பெட்டியைத் திறந்து ரெண்டு கேசட் எடுத்துக் குடுத்தாங்க. பட்டுச்சேலை, வீட்டுப் பத்திரம், பாச்சா உருண்டை எல்லாத்துக்கும் அடியில இருந்துச்சு. ஒண்ணு செங்கல் சைஸ்ல கருப்பா இருந்தது, அப்பா அம்மா கல்யாணம், 1995. இன்னொண்ணு உள்ளங்கைக்குள்ள அடங்குற பொடிசு. துபாய்ல இருந்த மாமா ஒரு லீவுக்கு வந்தப்ப எடுத்தது.

"எய்யா, இந்தச் சின்னதுல உங்க தாத்தா பேசுறாக. ஒருதரம் கேட்டுட்டாப் போதும்."

எனக்கு ஒண்ணரை வயசு இருக்கும்போதே தாத்தா போய்ட்டார். போட்டோல பாத்திருக்கேன், குரல் கேட்டதில்ல. பொட்டி தட்டுற பேரன் இருக்கும்போது இதெல்லாம் ஒரு வேலையான்னு கெத்தா வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன். அடுத்த நாலு மாசம் பட்ட பாடு இருக்கே, அதான் இந்தப் பதிவு.

"அதான் சிடி போட்டாச்சே!"

அப்பா இப்படித்தான் சொன்னார். நான் பள்ளிக்கூடம் போற காலத்துலயே கல்யாண கேசட்டை ஒரு கடையில குடுத்து விசிடி ஆக்கிட்டாராம். போட்டுப் பாத்தேன். பாலிதீன் பை வழியா பாக்குற மாதிரி இருக்கு. கூட்டம் அசைஞ்சா முகமெல்லாம் கட்டம் கட்டமா உடையுது. விசிடியோட அளவு 352க்கு 288 புள்ளி, அதுவும் 1993 வாக்குல வந்த தொழில்நுட்பத்துல நசுக்கினது. மூணு மணி நேரக் கேசட்டை ரெண்டு தட்டுல அடக்கணும்னு பாதி கல்யாணத்தையும் வெட்டி விட்டுட்டாங்க.

'சிடி போட்டாச்சு'ன்னு தைரியமா கேசட்டைத் தூக்கிப் போட்ட வீடுகள் எத்தனையோ. எங்க வீட்டுல தப்பிச்சதுக்குக் காரணம் ஆச்சியோட ட்ரங்குப் பெட்டி.

கொஞ்சம் கொசுவத்தி

எங்க பக்கம் டிவி வந்த கதையே தனி. சென்னைத் தூர்தர்ஷன் 1975ல ஆரம்பிச்சும் எங்களுக்கு எட்டல. 1982 பிப்ரவரியில இலங்கை ரூபவாஹினி வந்ததும், தென்கோடிக் கடற்கரை ஊர்க்காரங்க ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வச்சாங்க. அதே 1982ல ஆகஸ்ட் 15 அன்னிக்கு தூர்தர்ஷன் கலருக்கு மாறுச்சு, நவம்பர்ல டெல்லி ஆசிய விளையாட்டு. அதுக்கப்புறம் வெளிநாட்டு டிவியும் டெக்கும் நாடு முழுக்கப் பரவுச்சு. வளைகுடா போனவங்க திரும்பி வரும்போது தோள்ல ஒரு டெக். கிராமத்துல கோவில் கொடை, காதுகுத்துன்னா டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம். "வீடியோ போடுறாக"ன்னா பக்கத்து ஊர் ஜனமும் சாக்கை விரிச்சு உக்காந்துடும்.

அந்தப் பெரிய கேசட்டுக்குப் பேரு விஹெச்எஸ். ஜப்பான்ல ஜேவிசி கம்பெனி 1976ல கொண்டு வந்தது. அதுக்கு முந்தின வருஷமே சோனி பீட்டாமேக்ஸ் விட்டிருந்தது. ரெண்டும் அடிச்சுக்கிட்டதுல ஜெயிச்சது விஹெச்எஸ்.

ஆனா கையில தூக்குற காமிராவுக்கு அந்தக் கேசட் ரொம்பப் பெருசு. 1982ல அதையே சுருக்கி விஹெச்எஸ்-சி வந்தது. 1985ல சோனி நாடாவோட அகலத்தையே 8 மில்லிமீட்டராக் குறைச்சு வீடியோ8 காமிரா விட்டது. 1989ல அதைவிடத் தெளிவான ஹைய்8. நாம பொதுவா 'ஹேண்டிகேம்'னு சொல்றது இந்தக் குடும்பத்தைத்தான்.

இந்த வரலாறு எதுக்குன்னா, கேசட்டோட ஜாதகம் தெரியாம டெக் வாங்கினா காசு போச்சு. விஹெச்எஸ்-சி கேசட்டை ஒரு கூட்டுக்குள்ள வச்சு வீட்டு டெக்ல போடலாம், ஏன்னா நாடா ஒரே அகலம். 8 எம்எம்முக்கு அப்படி ஒரு கூடு கிடையவே கிடையாது. 12.65 மில்லிமீட்டர் நாடாவுக்குச் செஞ்ச டெக்ல 8 மில்லிமீட்டர் நாடா எப்படி ஓடும்? அதை ஓட்ட 8 எம்எம் காமிராவோ டெக்கோதான் வேணும்.

வாங்கினேன், ஏமாந்தேன்

மாமாவோட காமிரா பரண்ல இருந்தது. பேட்டரி உப்பி, கேசட் கதவே திறக்கல. 90களோட ஆரம்பத்துல வந்த நிறைய 8 எம்எம் காமிராவுக்கு இதே கதிதான். உள்ள இருக்கிற கெபாசிட்டர் கசிஞ்சு போர்டை அரிச்சுடும். பிழைச்சுக் கிடந்தாலும் ரப்பர் உருளை இறுகிப் போயிருக்கும்.

நெட்ல தேடினப்ப ஒரு ரகசியம் தெரிஞ்சது. 1999ல சோனி டிஜிட்டல்8ன்னு ஒண்ணு விட்டது. அதே 8 எம்எம் கேசட்லயே டிஜிட்டலாப் பதியும். அதுல பல மாடல் பழைய வீடியோ8, ஹைய்8 கேசட்டையும் ஓட்டி, அங்கேயே டிஜிட்டலாக்கி ஃபயர்வயர் கம்பி வழியா வெளிய தள்ளும். நமக்குன்னே செஞ்ச மாதிரி!

ஆர்வக்கோளாறுல, ஜப்பான்ல இருந்து வந்த பழசு ஒண்ணை விலை கம்மியா வாங்கிட்டேன். கேசட்டைப் போட்டா திரை முழுக்கக் கோடு கோடா ஓடுது, ஒரு மனுஷன் தெரியல. ரெண்டு நாள் மண்டையை உடைச்சப்புறம்தான் உறைச்சது. ஜப்பான்ல என்டிஎஸ்சி: 525 வரி, நொடிக்கு சுமார் 30 படம். இந்தியா, இலங்கை, துபாய் எல்லாம் பால்: 625 வரி, 25 படம். நாடா ஓடுற வேகமே வேற. இஞ்சினியரிங் படிச்சவன் இதை வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டாமா? அவ்வ்வ்.

கேசட்டோட நெத்தியிலயே குறிப்பு எழுதியிருக்கு பாருங்க. சின்னதுல பி5-90ன்னு இருந்தா பால் நாடுகள்ல 90 நிமிஷம்னு அர்த்தம். பி6ன்னா என்டிஎஸ்சி கணக்கு. பெருசுல ஈ-180ன்னா பால்ல மூணு மணி நேரம், டி-120ன்னா என்டிஎஸ்சில ரெண்டு மணி நேரம். ஆனா இது விக்கிறதுக்குப் போட்ட கணக்குதான். எந்தக் காமிராவுல எடுத்ததுங்கிறதுதான் முடிவு.

அண்ணாச்சி சொன்ன பாடம்

அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு பழைய கல்யாண வீடியோகிராபர் கோவில்பட்டிப் பக்கம் இருக்கார். எட்டயபுரம் வழியா பஸ் ஏறிப் போய்ப் பாத்தேன். தோள்ல சாத்துற பெரிய பானாசோனிக் காமிராவை இன்னும் துணி போட்டு மூடி வச்சிருக்கார். ஹாலஜன் லைட்டைத் தூக்கிக்கிட்டு ஒரு பையன் பின்னாடியே ஒயரோட ஓடுவானே, அந்தக் காலத்து ஆள்.

முதல்ல கல்யாண கேசட்டைப் பாத்தார். "தம்பி, உங்ககிட்ட இருக்கிறது ஒரிஜினல் கிடையாது. மிக்ஸிங் பண்ணி, பூ விழ வச்சு, சினிமாப் பாட்டு சேத்த காப்பி. கேசட் விக்கிற விலையில ஒரிஜினல் மேல அடுத்த கல்யாணத்தை எடுத்திருவோம். இதுல உங்க தாத்தா குரல் இருக்காது. சின்ன கேசட்தான் கச்சா சரக்கு, அதைப் பத்திரமா வையுங்க."

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிருச்சு. விஹெச்எஸ்ல சாதாரணச் சத்தம் நாடாவோட ஓரத்துல தனிக் கோடாப் பதியும். டெக் கொஞ்சம் கோணலாப் படிச்சுப் படம் கெட்டாலும் பேச்சு கேக்கும். வீடியோ8ல அப்படி இல்ல. நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்துற அதே உருளைத் தலைதான் படத்தோட சத்தத்தையும் சேத்துப் பதியும், படிக்கும். காமிரா சரியில்லன்னா படத்தோட குரலும் போச்சு. ஆக, நான் எந்த மிஷின் வாங்குறேனோ அதைப் பொறுத்துத்தான் தாத்தா பேசுறதும் பேசாததும்!

அவர்கிட்ட கேட்டதையும் நான் பட்டதையும் சேத்து இங்க தர்றேன்:

1. மிஷினை முதல்ல தேத்துங்க, கேசட்டை அப்புறம் தொடுங்க. போனாப் போகுதுன்னு இருக்கிற ஒரு கேசட்டை முழுசா ஓட்டிப் பாத்துட்டுத்தான் நல்லதைப் போடணும்.

2. சன்னல் வழியா நாடாவைப் பாருங்க. வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிருந்தா பூஞ்சை. போட்டீங்கன்னா டெக்கும் கெட்டு, அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கும். என் கேசட்ல பூஞ்சை இல்ல, கரிசல் புழுதிதான். வெளிப்பெட்டியைத் துடைச்சாப் போதும்னார்.

3. டிஜிட்டல்8 வாங்கினா பால் மாடலான்னு பாருங்க. கூடவே பழைய 8 எம்எம்மை ஓட்டுமான்னும் கேளுங்க. கடைசிக் காலத்துல வந்த விலை கம்மி மாடல்கள்ல அந்த வசதியை எடுத்துட்டாங்க.

4. விஹெச்எஸ்க்கு, கிடைச்சா எஸ்-விஹெச்எஸ் டெக். அதுலயும் 'டைம் பேஸ் கரெக்டர்' உள்ளது. பழைய நாடாவுல ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்ன பின்ன ஆரம்பிக்கிறதால படம் நெளியும். வரியெல்லாத்தையும் வரிசையில நிறுத்துற வாத்தியார் அது.

5. எஸ்-வீடியோ துளை இருந்தா மஞ்சக் கம்பியை விட்டு அதைப் போடுங்க. வெளிச்சமும் நிறமும் தனித்தனியா வரும்.

6. மணிக்கு 13 ஜிபி ஆகுதேன்னு கஞ்சத்தனம் பண்ணாதீங்க. நசுக்கினதோட லட்சணத்தை விசிடில பாத்தாச்சு.

நாடாவுக்கு முன்னாடி மிஷின் சாகுது

கேசட் கெட்டுப் போறதை நினைச்சுத்தான் நாம பயப்படுறோம். நிலைமை வேற. உலகத்துலயே கடைசியா விஹெச்எஸ் டெக் செஞ்சுக்கிட்டிருந்த ஜப்பானோட ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில நிறுத்திருச்சு. ஆஸ்திரேலியாவோட தேசியத் திரைப்பட ஒலி ஆவணக்காப்பகம் 2015லயே '2025தான் கெடு'ன்னு எச்சரிச்சது. டிஜிட்டல் ஆக்காத காந்த நாடாக்களைப் பெரும்பாலும் அதுக்கு மேல மீட்க முடியாதுன்னு சொன்னாங்க. யுனெஸ்கோவும் 2019ல ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களோட சேந்து இதே கவலையில உலகம் முழுக்கக் கணக்கெடுத்தது. அந்த 2025ஐயும் தாண்டியாச்சு. இனி இருக்கிற மிஷின் எல்லாம் ஏதோ ஒரு வீட்டு மிச்சம்தான்.

எங்க ஊர்ல விளாத்திகுளம் சுவாமிகள்னு ஒரு பெரிய இசை மேதை இருந்தார், நல்லப்ப சுவாமிகள். கி.ரா. எல்லாம் அவரைப் பத்தி எழுதியிருக்காங்க. படிச்சிருக்கேன், சிலிர்த்திருக்கேன். ஆனா அவர் பாடி நான் கேட்டதில்ல. தாத்தாவும் எனக்கு அப்படி ஒரு எழுத்தா மட்டும் ஆயிடக்கூடாதுன்னுதான் இவ்வளவு பாடு.

கடைசியா அந்த அண்ணாச்சி மூலமாவே ஒரு பால் டிஜிட்டல்8 கிடைச்சது. என் மடிக்கணினியில ஃபயர்வயர் துளை இல்ல, நண்பன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல கார்டு சொருகி ஏத்தினேன். குப்பைக் கேசட் ஒண்ணு முழுசா ஓட்டிப் பாத்துட்டு, கை நடுங்க மாமா கேசட்டைப் போட்டேன். பத்து நிமிஷம் மிளகாய் காயப்போட்ட களம், ஆடு, யார் யாரோ குழந்தைங்க. அப்புறம் திண்ணையில துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒருத்தர் மாமாவைப் பாத்து:

"ஏலே, அந்தப் பொட்டிய ஓரமா வச்சிட்டு வந்து சாப்பிடு."

அவ்வளவுதான். மொத்தக் கேசட்லயும் தாத்தா பேசினது அந்த ஒரே வரி.

ஊருக்குப் போய் ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். மூணு தடவை திருப்பிப் போடச் சொன்னாங்க. அழுவாங்கன்னு நினைச்சேன். இல்ல.

"அன்னைக்கு அவுகளுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. அதான் குரல் இப்படி. உன் மிஷின் மேல தப்பு இல்லய்யா."

டிஸ்கி: அந்த ஜப்பான் காமிரா இன்னும் என் அலமாரியிலதான் தூங்குது. உங்க வீட்டுல என்டிஎஸ்சி 8 எம்எம் கேசட் இருந்தா சொல்லுங்க, சும்மாவே குடுத்துடுறேன்.