காயலான் கடைக்கு முன் காயிலைப் பாருங்கள்



நம் பார்க்கிங்கில் உறை போட்டுப் பழைய கார் ஒன்றை வைத்திருப்பவரா நீங்கள்? காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் ஓடியதும் சிக்னலில் நின்றுவிடும். ஆறியதும் மறுபடி ஓடும். "இதற்கு இனிமேல் செலவு செய்யாதீர்கள், எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். போடுவதற்கு முன் பானட்டைத் திறந்து, டம்ளர் அளவில் இருக்கும் உலோக டப்பாவைப் பாருங்கள். அதுதான் இக்னிஷன் காயில். எந்தக் காயிலை வாங்குவது என்பதற்கு அதன் வரலாறே வழி சொல்கிறது.

பேட்டரி தருவது 12 வோல்ட். ஸ்பார்க் பிளக்கில் பொறி பாயப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். ஒரு கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரம் சட்டென்று நின்றால் அருகிலுள்ள சுருளில் மின்னழுத்தம் எழும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த இந்த மின்தூண்டல்தான் காயிலின் அடிப்படை. பாரிஸில் அறிவியல் கருவிகள் செய்துவந்த ரூம்கார்ஃப் இதை வலுவான பொறி தரும் காயிலாக்கினார். 1860இல் லெனுவார் தன் வாயு எஞ்சினுக்கு அந்தக் காயிலையே பயன்படுத்தினார்.

1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் நான்கு சிலிண்டருக்கு நான்கு காயில்கள், மரப்பெட்டிக்குள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தகடு துடித்துக்கொண்டே பொறிகளைக் கொட்டும். நான்கு தகடுகளையும் ஒரே சீராக வைத்திருப்பது ஓட்டுநருக்குப் பெரும் பாடு.

அமெரிக்காவின் டேட்டன் நகரில் இருந்த சார்ல்ஸ் கெட்டரிங் இதை எளிமையாக்கினார். ஒரு காயில், எஞ்சினோடு சேர்ந்து திறந்து மூடும் ஒரு பாயின்ட், ஒரு கண்டென்சர், அவ்வளவுதான். பாயின்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி. 1910ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் இது இடம்பிடித்தது. நம் அம்பாசிடர், பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் இந்த முறையில் ஓடியவைதான்.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நான்கு சிலிண்டர் காரின் காயில் நொடிக்கு 100 பொறி தர வேண்டும். உள்ளே தலைமுடி போன்ற கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக இருக்கிறது. சூட்டில் அதன் காப்பு பலவீனமானால் பொறி நிற்கும். ஆறினால் திரும்ப வரும். கார் நடுவழியில் நிற்க இது ஒரு காரணம். கண்டென்சர் கெட்டாலும், பெட்ரோல் ஆவியாகி அடைத்தாலும் இதே கதைதான். ஆகவே வண்டி நின்ற உடனேயே மெக்கானிக்கிடம் பொறி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொறி வந்தால் காயிலைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்த மாற்றம்தான் நம்மைக் குழப்புவது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் வோல்ட் இறங்கும். அந்த நேரத்திலும் பொறி வலுவாக இருக்க, குறைந்த வோல்ட்டுக்கான காயிலை வைத்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் போகும்படி பிற்காலக் கார்களில் செய்தார்கள். அதனால் இன்று கடையில் இரண்டு வகைக் காயில்கள் இருக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் அப்பாவின் அம்பாசிடருக்கு ஒரே வருடத்தில் இரண்டு காயில் மாற்றினோம். இரண்டும் கொதித்தன, பாயின்ட்டும் கருகியது. விற்க ஆள்கூடப் பார்த்துவிட்டோம். கடைசியில் ஒரு வயதான எலெக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டுமே 1.5 ஓம் காயில்கள். எங்கள் வண்டியில் ரெசிஸ்டரே கிடையாது. 12 வோல்ட்டில் 3 ஓம் காயில் இழுப்பது 4 ஆம்பியர், 1.5 ஓம் காயில் 8 ஆம்பியர் இழுக்கும். பாயின்ட் எப்படித் தாங்கும்? 3 ஓம் காயில் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

எனவே புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போகும்போது மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு சிறிய முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். ரெசிஸ்டர் இல்லாத, பாயின்ட் உள்ள 12 வோல்ட் வண்டிக்குச் சுமார் 3 ஓம் வேண்டும். ரெசிஸ்டர் தேவை என்று டப்பாவிலேயே எழுதியிருந்தால் அதை வைத்துவிடுங்கள். 'அதிக சக்தி' என்ற விளம்பரத்துக்கு மயங்காதீர்கள். பழைய பிரிட்டிஷ் வகைக் கார்களில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம். வயர்களை மாற்றிக் கொடுத்தால் பொறி பலவீனமாகும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தியிருந்தால், அதன் கையேடு சொல்லும் ஓம் அளவே சரி.

இன்னொன்று: எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டு கேட்கச் சாவியை ஆன் செய்து வைக்காதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல காயிலும் வெந்துபோகும்.

தாத்தாவோ அப்பாவோ ஆசையாய் வாங்கிய வண்டி. காயில் கெட்டதற்காக அதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்.