தெரு மரத்துக்கு வைத்தியர் யார்?

எங்கள் தெருமுனையில் ஒரு பூவரச மரம் இருக்கிறது. சென்ற கோடையில் அதன் பெரிய கிளை ஒன்று மின்கம்பிமேல் சாய ஆரம்பித்ததும், தெருக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். அறுபதைத் தாண்டிய வயது. இடுப்பில் அரிவாள், தோளில் கயிறு, கையில் ஒரு ரம்பம். அவ்வளவுதான்.

ஏறினார். கிளையின் மேல்பக்கம் அறுப்பார் என்று பார்த்தால், முதலில் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுத்தார். பிறகு சற்றுத் தள்ளி மேல்பக்கம் அறுத்தார். கிளை விழுந்தது. மிச்சமிருந்த கட்டையைக் கடைசியாக எடுத்தார். அதையும் மரத்தோடு ஒட்ட அறுக்கவில்லை. கீழே இறங்கியதும் கேட்டேன்.

"ஏன் தாத்தா, முதல்ல கீழ அறுத்தீங்க?"

"மேல மட்டும் அறுத்தா, கிளை விழுவுறப்ப பட்டையை உரிச்சுக்கிட்டே வந்துடும் தம்பி. மரத்துக்கு அது புண்ணு. கிளை பொறக்குற எடத்துல ஒரு புடைப்பு இருக்கு பாருங்க, அதையும் தொடப்படாது. தொட்டா அந்த எடம் மூடாது."

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அப்பா என்றார். உங்கள் மகனுக்குத் தெரியுமா என்றேன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாராம்.

அன்று ராத்திரி இணையத்தில் தேடியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்றொரு விஞ்ஞானி இருந்தார். 1959இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். ரம்பத்தை எடுத்துக்கொண்டு மரங்களை நீளவாக்கில் பிளந்து பிளந்து பார்த்தார். மனிதர் உடம்பைப் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றி மரம் ஒரு சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று 1970களில் விளக்கினார். கிளையின் அடிப் புடைப்பை விட்டுவிட்டு அறுத்தால்தான் அந்தச் சுவர் சரியாக எழும். அதற்கு முன்னால் வெகுகாலம், மரத்தோடு ஒட்ட வழவழவென்று அறுப்பதே நல்ல முறை என்று மேல்நாட்டுப் புத்தகங்களே சொல்லிக்கொண்டிருந்தன!

எங்கள் தெருவுக்கு வந்த பெரியவர் ஷைகோவைப் படித்தவர் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஏன் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை? இந்தக் கேள்விதான் என்னைச் சரித்திரத்துக்குள் தள்ளியது.

மருதத்தில் தொடங்குவோம்

நம் டெல்டாவுக்கு மரத்தோடு உள்ள உறவு பழசு. வயல் சார்ந்த நிலத்துக்கு மருதம் என்ற பெயரே ஆற்றங்கரை மருத மரத்தால் வந்தது. திருவிடைமருதூர் என்ற ஊர்ப்பெயரிலேயே அந்த மரம் நிற்கிறது. சிதம்பரம் தில்லை ஆனதும் தில்லை மரத்தால்தான். கோயிலுக்குக் கோயில் தலமரம், நந்தவனம் என்று இருந்தால் அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்களும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த அறிவு அப்பனிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறியது. எழுத்துக்கு வந்தது குறைவு.

எழுத்துக்கு வந்த கதை ஒன்று நம் கடற்கரையிலேயே இருக்கிறது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது நமக்குத் தெரியும். 1768இல் அங்கே யோஹான் கோனிக் என்ற மருத்துவர் வந்து இறங்கினார். உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் அவர். இங்கே செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். தினமும் நம் வீட்டில் தாளிக்கும் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயர் முர்ராயா கோனிகி. அந்தக் கோனிகி இவர்தான்!

1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் பாதிரியாரும் செடி சேகரித்தவர். பின்னாளில் பெரிய தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவரும் இவரே. ஒரே மனிதர் சொல்லையும் செடியையும் சேர்த்து வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். கோனிக்கோடு பழகிய வில்லியம் ராக்ஸ்பர்க் 1793இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்றார். அவருடைய பெரிய நூலின் பெயரில் வரும் கோரமண்டல், நம் சோழமண்டலம்தான்.

ஒரு கடிதம் கப்பலில் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆன காலம் அது. அப்போதே தரங்கம்பாடிச் செடி ஐரோப்பாவரை பேசப்பட்டிருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்கள் சொல்லாமல் ஒரு வெளிநாட்டவருக்குச் செடியின் தமிழ்ப் பெயரும் உபயோகமும் எப்படித் தெரியும்? சொன்னவர்களின் பெயர் எந்தச் செடிக்கும் வைக்கப்படவில்லை. விதிவிலக்காக ஒன்று உண்டு. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்குச் சென்னையில் படம் வரைந்து கொடுத்தவர் கோவிந்து என்ற ஓவியர். ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு அவர் பெயரையே வைத்தார் வைட். அந்தப் பெயரும் இப்போது வழக்கில் இல்லை.

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (1798-1832) தன்வந்திரி மஹால் நடத்தி, மூலிகை மருத்துவ முறைகளை எழுதி வைக்கச் செய்தார். அதனால்தான் சரபேந்திர வைத்திய முறைகள் இன்றும் நம் கையில் இருக்கின்றன. எழுதியது பிழைத்தது. ஆனால் அது மருந்துக்கான மரம். நிழலுக்கான மரத்தை யாரும் எழுதவில்லை.

காட்டுக்கு வாத்தியார் வந்தார்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரம் ஒரு உத்தியோகமாக மாறியது. 1856இல் சென்னை மாகாணத்துக்கு வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் ஹ்யூ கிளெக்ஹார்ன். இவரும் ஒரு டாக்டர்தான், பிறந்ததே சென்னையில். கப்பலுக்குத் தேக்கு வேண்டும், ரயில் பாதைக்குக் கட்டை வேண்டும், எஞ்சினுக்கு விறகு வேண்டும். காடு காலியாகிறது என்ற பயம் வந்துவிட்டது. 1864இல் பிராண்டிஸ் தலைமையில் இந்திய வனத்துறை உருவானது. 1875இல் வன அதிகாரிகள் தங்கள் அனுபவங்களை எழுதிப் பகிர்ந்துகொள்ள 'இந்தியன் ஃபாரஸ்டர்' பத்திரிகை தொடங்கியது. 1878இல் டேராடூனில் வனப் பள்ளி. 1882இல் சென்னை வனச் சட்டம். 1912இல் கோயம்புத்தூரில் வனக் கல்லூரி.

ஆக, ஒருவர் கற்றதை இன்னொருவருக்குச் சொல்ல பள்ளி, பத்திரிகை, பரீட்சை எல்லாம் வந்துவிட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் பாடம் முழுக்கக் காட்டு மரம். எத்தனை வருடத்தில் முற்றும், எத்தனை கன அடி தேறும் என்ற கணக்கு. தஞ்சாவூர்ச் சீமையிலோ எங்கே பார்த்தாலும் வயல். கோடியக்கரை, முத்துப்பேட்டை அலையாத்தி என்று கடலோரத்தில்தான் சொல்லிக்கொள்ளும்படி காடு. காடு இல்லாத மாவட்டம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

ஊருக்குள் இருந்த மரம் நகராட்சிக்குப் போயிற்று. தஞ்சை நகராட்சி 1866இல் வந்தது. 1870களின் தொடக்கத்தில் சிவகங்கைப் பூங்கா மக்களுக்கான தோட்டமாக அமைந்தது. தோட்டத்துக்குத் தோட்டக்காரர் கிடைத்தார். சாலை மரத்துக்கு? நடுவதற்கு ஆள் உண்டு, வெட்டுவதற்கும் ஆள் உண்டு. நடுவில் உள்ள ஐம்பது வருடம் அதைப் பார்த்துக்கொள்ள என்று படித்தவர் யாரும் இல்லை. 1981இல் சுவீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோதுகூட, கவனமெல்லாம் கிராமத்து ஏரிகளில் விறகுக்குக் கருவேலம் வளர்ப்பதில்தான்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்? 1924இல் அமெரிக்காவில் நிழல் மரங்களுக்கென்று ஒரு மாநாடு கூடியது. விஞ்ஞானிகளும் மரம் ஏறிப் பிழைப்பவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். அதுதான் வளர்ந்து இன்று சர்வதேச மர வளர்ப்பாளர் சங்கமாக நிற்கிறது. 1960களின் நடுவில் டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் எரிக் யோர்கென்சன் 'நகர்ப்புறக் காடு' என்ற படிப்புக்கே பெயர் வைத்தார். நாம் தவறவிட்டது அந்த ஒரே அறையைத்தான் என்று நினைக்கிறேன்.

கஜா நடத்திய பரீட்சை

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை விழுந்த துக்கம் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் விழுந்த மரங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. சாக்கடை தோண்டும்போது ஒருபக்க வேரை அறுத்துவிட்டால், மரம் அந்தப் பக்கம் பிடிப்பில்லாமல்தான் நிற்கும். அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் போட்டால் வேர் மூச்சுவிட முடியாது. பிளாஸ்டிக் பையிலேயே ரொம்ப நாள் கிடந்த கன்றுக்கு வேர் சுருண்டுகொள்ளும். நட்ட பிறகும் சுருண்டபடியே இருந்து, பெரிய காற்றில் காட்டிக் கொடுக்கும். பழியை மட்டும் புயல்மேல் போட்டுவிடுகிறோம்.

அந்த வாரம் எங்கள் பகுதியில் மிஷின் ரம்பத்தோடு வந்தவர்கள் ராப்பகலாக உழைத்தார்கள், அதை மறக்க முடியாது. ஆனால் அரைகுறையாகச் சாய்ந்த மரம், தூக்கி நிறுத்தினால் பிழைக்கும் மரம் என்று பிரித்துப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. எல்லாமே விறகானது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. மேட்டுப்பாளையத்தில் வனவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. சென்னையில் நிழல் அமைப்பு மரக் கணக்கெடுப்பும் மரம் அறியும் நடையும் நடத்தி வருகிறது. 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. கன்றுகள் கோடிக்கணக்கில் நடப்போகிறோம். சந்தோஷம். ஆனால் அந்தக் கன்றுகள் பெரிய மரமாகும்போது கிளை கழிக்கப் போவது யார்?

பட்டம் பெற்றவர்களுக்கு எங்கள் தெருப் பெரியவர் நாலு விஷயம் சொல்லலாம். அவருக்கும் தலைக்கவசம், இடுப்பு வார், ஷைகோவின் படங்கள் என்று அவர்கள் கொடுக்க நிறைய இருக்கிறது. ஒவ்வொரு நகராட்சியிலும் வருடத்துக்கு இரண்டு நாள் இவர்களை ஒன்றாக ஒரு மரத்தடியில் உட்கார வைத்தால் போதும். பெரிய செலவும் இல்லை.

நான் என் பங்குக்கு ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். பெரியவர் சொன்னதை முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். பூவரசுக்குப் போத்து எப்படி வெட்டி நடுவது என்று அடுத்த முறை சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். மரம் ஏறி இறங்கியதும் கூலியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஏன் அப்படி வெட்டினீர்கள் என்று கேட்டுப் பாருங்களேன்.