வரைந்து சிந்தித்தல்: சேர்க்கைத் தேர்வுகளின் தருக்கப் புதிர்களும் பள்ளி வகுப்பறையும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே மணமையில் இருக்கிறது கிரேட் லேக்ஸ் மேலாண்மை நிறுவனம். சிங்கப்பெருமாள் கோயிலைச் சேர்ந்த மாணவி ஒருத்தி மேலாண்மைப் படிப்புக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கொண்டு அங்கே சேர விரும்பினால், தரவு விளக்கமும் தருக்கமும் சேர்ந்த 40 நிமிடப் பகுதியை அவள் தாண்டியாக வேண்டும். பயிற்சி மையங்கள் 'செட்' என்று அழைக்கும் புதிர்கள் அதில் வரும்: சில பேர், சில இடங்கள், நாலைந்து நிபந்தனைகள், அவற்றின் மேல் கேள்விகள். இவை பிறவி அறிவை அளப்பவை என்ற நம்பிக்கை ஆசிரியர்களிடமும் உண்டு. அதை நான் மறுக்கிறேன். இவை பெரிதும் அளப்பது, நிபந்தனைகளைக் குறியீடாக்கித் தாளில் இறக்கும் பழக்கத்தை. கற்றுத்தந்தால் வருகிற பழக்கம் அது.

ஒரு புதிரைப் பார்ப்போம். செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயிலில் க, ச, த, ப, ம என்று ஐவர். பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், பரனூர் என்ற வரிசையில் நிலையத்துக்கு ஒருவராக இறங்குகிறார்கள். க இறங்கியதற்கு அடுத்த நிலையத்திலேயே ச இறங்குகிறார். ச இறங்கிய பிறகே த இறங்குகிறார். ம பொத்தேரியிலும் இறங்குவதில்லை, பரனூரிலும் இறங்குவதில்லை.

நிபந்தனைகளை மறந்துவிட்டால் 120 வரிசைகள். மனத்திலேயே போட்டுப் பார்ப்பவர் இரண்டாம் நிபந்தனையிலேயே திணறுவார். தாளில் ஐந்து கட்டங்கள் போடுங்கள். 'கச' என்பதை ஒரே பெட்டியாக ஒட்டி, அதற்கு வலப்புறம் த எழுதுங்கள். முதல் கட்டத்தின் கீழும் கடைசிக் கட்டத்தின் கீழும் ம-வை எழுதி அடியுங்கள். இப்போது பொத்தேரியில் யார் இறங்க முடியும்? ச-வுக்கு முன் க வேண்டும். த-வுக்கு முன் இருவரும் வேண்டும். ம ஏற்கெனவே விலக்கு. எஞ்சுவோர் க, ப மட்டுமே. க முதலில் என்றால் ச இரண்டாவது. மற்ற மூவருக்கும் நான்கு வழிகள். ப முதலில் என்றால் பரனூரில் இறங்குபவர் த தவிர வேறு யாரும் இல்லை. நடுவில் இரண்டே வழிகள். ஆக மொத்தம் ஆறு. கேள்வியைப் படிக்கும் முன்பே விடை பெரும்பாலும் கையில் இருக்கிறது. இதைக் குறுக்கு வழி என்று ஒதுக்குவது தவறு. 'யார் முடியாது' என்று கேட்கும் ஒழுங்கைப் படம்தான் கொண்டுவந்தது.

ஒரே செய்தி வாக்கியத்திலும் படத்திலும் இருக்கும்போது தேடும் உழைப்பு எப்படி மாறுகிறது என்று ஆய்வாளர்கள் ஜில் லார்கினும் ஹெர்பர்ட் சைமனும் 1987-இல் விளக்கினர். தொடர்புள்ளவற்றைப் படம் அருகருகே வைக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. என் வாதத்தின் உயிர் இந்தப் பின்பாதியில் இருக்கிறது. கட்டம் போடக் கற்றவரையும் கல்லாதவரையும் ஒரே கடிகாரத்தின் கீழ் உட்கார வைத்தால், முன்பு கிடைத்த பயிற்சியே மதிப்பெண்ணாகத் திரும்பி வரும்.

அமெரிக்காவில் 1977-இல் பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.ஈ. தேர்வுக்குள் வந்த இத்தகைய புதிர்கள் 2002-இல் வெளியேறின. சட்டப் படிப்புக்கான எல்சாட் தேர்வு 2024 ஆகஸ்டில் அவற்றைக் கைவிட்டது. பார்வைக் குறைபாடுள்ள ஏஞ்சலோ பின்னோ 2011-இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 2019-இல் எட்டிய உடன்பாடு அதற்கு வழிவகுத்தது: படம் வரைய முடியாதவருக்கு இந்தப் பகுதி அநீதி என்பது அவர் வாதம். தேர்வைப் பொறுத்தவரை அந்த வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். வகுப்பறை வேறு. அங்கே யாரும் வடிகட்டப்படுவதில்லை. கோட்டுக்குப் பதில் பள்ளம் வெட்டிய பலகையும் தொட்டறியும் வில்லைகளும் கொடுக்கலாம்.

தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியது. கிராமப்புற மாணவருக்கு அது நியாயம் செய்தது என்றே கருதுகிறேன். ஆனால் மற்றத் தேர்வுகளில் இருந்து தருக்கப் புதிர்கள் போய்விடவில்லை. மாநில அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 திறனறிவுக்கு உரியவை. வங்கித் தேர்வுகளில் 'சீட்டிங் அரேஞ்ச்மென்ட்' எனப்படும் இருக்கை வரிசைப் புதிர் இல்லாத ரீசனிங் தாள் அரிது. கட்டணம் கட்ட முடிந்தவருக்குப் பயிற்சி மையம் இதைச் சொல்லித்தருகிறது. பள்ளியிலோ வென் படம் உண்டு, பன்னிரண்டாம் வகுப்பில் மெய்மை அட்டவணையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, சொற்களால் வந்த நிபந்தனையை மாணவரே படமாக்கும் படி இல்லை.

ஒன்பதாம் வகுப்பில், வென் படத்தை அடுத்து, இதற்குச் சில பாடவேளைகள் ஒதுக்கலாம். மதிப்பெண்ணும் கடிகாரமும் வேண்டாம். அடித்த ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். ஆசிரியர் விடையைப் பார்க்கும் முன் அந்த வரிகளைத் திருத்த வேண்டும்.