100 நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளின் பங்கு எங்கே? பதில் சொல்ல வேண்டியது யார்? முழு விவரம்

பழவேற்காடு ஏரிப் பகுதியில் வேலை என்றாலே உடல் உழைப்புதான். தண்ணீரில் இறங்கி வலை போடணும், படகைத் தள்ளணும், மீன் கூடையைத் தூக்கணும். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள காட்டூர் போன்ற ஊர்களில் நடக்க முடியாத, பார்வை இல்லாத ஒருவருக்கு இதில் எதுவும் எளிதல்ல. அப்படிப்பட்டவருக்கு ஊரை விட்டுப் போகாமல் கூலி கிடைக்க இருக்கும் பெரிய வழி, 100 நாள் வேலைத் திட்டம்.

ஆனால் அங்கே போனாலும் "உங்களால மண்ணு வெட்ட முடியாதே" என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? சட்டம் என்ன சொல்கிறது? யாரிடம் கேட்க வேண்டும்?

5% என்பது எங்கிருந்து வந்தது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறியது. 21 வகை குறைபாடுகள் இதில் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு இடஒதுக்கீடு உண்டு.

அரசு வேலையில் 4% என்பது பலருக்கும் தெரியும். அது பிரிவு 34. கிராமத்துக்கு முக்கியமானது பிரிவு 37. வறுமை ஒழிப்பு மற்றும் வளர்ச்சித் திட்டங்கள் எல்லாவற்றிலும் 5% ஒதுக்கீடு தர, அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் அறிவிக்கை வெளியிட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது இந்தப் பிரிவு. அதிலும் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

இந்தப் பிரிவு எந்தத் திட்டத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 2005-ம் ஆண்டின் 100 நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக, குடும்பத்துக்கு 125 நாள் என்ற புதிய சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. திட்டத்தின் பெயர் மாறினாலும் பிரிவு 37 அப்படியேதான் இருக்கிறது.

மண் வெட்ட முடியாதவருக்கு என்ன வேலை?

ஏரி, குளம், கால்வாய் தூர்வாரும் இடத்தில் மண் வெட்டுவது மட்டுமே வேலை இல்லை. குடிநீர் கொடுப்பது, தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, பணித்தளப் பொறுப்பாளராக இருப்பது போன்ற வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தரணும் என்று 100 நாள் வேலைத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளே சொல்லியிருக்கின்றன. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 4 மணி நேரம் வேலை செய்தால் முழுக் கூலி என்ற ஏற்பாடும் உண்டு.

சிக்கல் எங்கே?

கணக்கில்தான். 100 நாள் என்பது தனி ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. ஒரு வீட்டில் மூன்று பேர் வேலைக்குப் போனால் அந்த நாட்களை மூவரும் பகிர்ந்துகொள்ளணும். வீட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளி ஒரு நாள்கூட போகாவிட்டாலும், அந்தக் குடும்பத்தின் கணக்கில் 100 நாளும் முடிந்ததாகவே காட்டும். 'இலக்கு எட்டப்பட்டது' என்ற வரிக்குள் அவர் காணாமல் போய்விடுவார்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை நாள் வேலை நடந்தது' என்பது மட்டுமில்லை. 'எத்தனை மாற்றுத்திறனாளிகள் பதிவு செய்தார்கள், அதில் எத்தனை பேருக்கு, எத்தனை நாள் கிடைத்தது' என்பதையும் சேர்த்துக் கேட்கணும். 100 நாள் வேலைத் திட்டத்தின் இணையதளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கணக்கு தனியாகவே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

யாரிடம் கேட்பது?

* ஊராட்சி: வேலை கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்கணும். 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி கேட்கும் உரிமையை 2005 சட்டமே கொடுத்தது. ரசீது இல்லையென்றால் 'அவர் வேலையே கேட்கவில்லை' என்று சொல்லிவிட முடியும்.

* கிராம சபை: தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வேலைத் திட்டக் கணக்கை மக்கள் முன் வைத்துச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையும் கிராம சபையின் பொறுப்புதான்.

* மாவட்ட ஆட்சியர் அலுவலகம்: திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் முறையிடலாம்.

* தகவல் உரிமைச் சட்டம்: மேலே சொன்ன கணக்கைக் கேட்டு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

* மாநில ஆணையர்: மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், புகாரை விசாரிக்கும்போது சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தலாம்.

ஆணையர் சொன்னால் கேட்டே ஆகணுமா?

இங்கேதான் சட்டத்தின் பலமும் பலவீனமும் சேர்ந்து இருக்கின்றன. ஆணையர் தருவது பரிந்துரை. அதன் மேல் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்பதைச் சம்பந்தப்பட்ட அதிகாரி 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 81). ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுதித் தர வேண்டும், புகார் கொடுத்தவருக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டுவிட சட்டத்தில் இடமில்லை. ஆணையரின் ஆண்டு அறிக்கையும் சட்டப்பேரவையில் வைக்கப்பட வேண்டும்.

சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரை (பிரிவு 89).

உள்ளாட்சியில் மாற்றுத்திறனாளிகளின் குரல்

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்யும் மசோதாக்கள் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் தாக்கல் ஆகின. கிராம ஊராட்சிகளும் இதில் அடங்கும். இது முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, எந்த வேலையை எடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று பேசும் கூட்டத்தில், வேலை கிடைக்காமல் திரும்பிய அனுபவம் உள்ள ஒருவரும் உட்கார்ந்திருப்பார்.

வேலை கேட்கப் போகும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வேலை அட்டை, பழைய மனுக்களின் ரசீது ஆகியவற்றின் நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது. மேல்முறையீடு எங்கே போனாலும் முதலில் கேட்பது அவற்றைத்தான்.