சாமிக்கு வைக்கும் எண்ணெய்

நாமக்கல் ஆஞ்சநேயருக்குக் கூரை கிடையாது. ஒரே கல்லில் 18 அடி உயரம். வெயிலிலும் மழையிலும் நின்றபடி, எதிரே மலையடிக் குடைவரையில் இருக்கும் நரசிம்மரை நோக்கிக் கைகூப்புகிறார். அவருடைய அபிஷேகத்தில் பால், தயிர், சந்தனத்தோடு நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் உண்டு. சின்ன வயதில் அதைப் பார்த்தபோது எனக்கு எதுவும் விசேஷமாகத் தெரியவில்லை. சனிக்கிழமை தோறும் அம்மா எனக்குச் செய்ததும் அதுதானே! உச்சியில் எண்ணெய் வைத்து, ஊறவிட்டு, அரப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றுவாள்.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் எண்ணெய், கல்யாணத்தில் நலங்குக்கும் எண்ணெய். இறந்தவர் தலையிலும் உறவுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எண்ணெயும் அரப்பும் தொட்டு வைத்த பிறகுதான் குளிப்பாட்டுவார்கள். மனித உடம்புக்குச் செய்யும் அதே பணிவிடையைத்தான் கல்லுக்கும் செய்கிறோம்.

தண்ணீரே படக்கூடாத மூர்த்திக்கும் எண்ணெய் உண்டு. ஸ்ரீரங்கத்து மூலவர் சுதையால் ஆனவர். அவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலக்காப்புச் சாற்றுவார்கள். அதன்பிறகு 48 நாள் திருமுக தரிசனம் மட்டும்தான். சுதைத் திருமேனி வெடிக்காமல் காக்கும் வேலை அந்தத் தைலத்துடையது. பராமரிப்பும் பக்தியும் அங்கே ஒரே காரியம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நான் செக்குக்காரர் வீட்டில் பிறந்தவன். ராசிபுரம் பக்கத்தில் தாத்தாவுக்கு மரச்செக்கு இருந்தது. எள் பாதி அரைபட்டதும் கருப்பட்டியைத் தட்டிப் போடுவார். அப்போதுதான் எண்ணெய் பிரியும், பிண்ணாக்கு இறுகும். மாடு சுற்றச் சுற்ற வாகை உலக்கை முனகும். கோயிலுக்குப் போகும் எண்ணெயை இரண்டு நாள் வெயிலில் தெளியவைத்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் கொடுப்பார். செக்குக்கு அந்த மதிப்பு பழங்காலத்திலிருந்தே உண்டு. செய்து கொடுத்தவர் பெயரை விளிம்பில் வெட்டிய கல்செக்குகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன.

பிறகு ரோட்டரி எந்திரம் வந்தது. மாட்டுச் செக்குகள் நின்றன. இன்று கோயில் வாசல் கடையில் தொங்குவது தீப எண்ணெய்ப் பாக்கெட். ‘உணவுக்கு அல்ல’ என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. விளக்குக்கு வாங்குங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதையே நவக்கிரகத்தின் மேலும் கருப்பண்ணசாமி மேலும் ஊற்றுகிறார்கள். நம் நாக்கில் வைக்க முடியாததைச் சாமி தலையில் எப்படி வைப்பது?

சடங்குக்கு எந்த எண்ணெய் என்ற இதே கேள்விக்குக் கத்தோலிக்கத் திருச்சபை பதிலைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. மற்ற மறைமாவட்டங்களைப் போலச் சேலம் மறைமாவட்டத்திலும் ஆண்டுதோறும் ஆயர்தான் குருக்கள் சூழ எண்ணெய்களை மந்திரிக்கிறார். வழக்கப்படி அது ஒலிவ எண்ணெய். ஒலிவம் கிடைக்காத நாடுகளை எண்ணி, நோயாளிகளுக்குப் பூச வேறு தாவர எண்ணெயும் ஆகும் என்று 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அனுமதித்தார். தாவரத்திலிருந்து வந்ததாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் விடவில்லை.

எங்கள் குலதெய்வக் கோயில் கூட்டத்தில் இந்த ஆடியில் நான் கேட்கப்போவதும் ஒன்றுதான்: சிலைக்கு வைக்கும் எண்ணெயைக் கோயிலே எள் வாங்கி ஆட்டித் தரவேண்டும். முதல் மூட்டை எள் என் செலவு.